வலது பாக்கெட்

முப்பத்தெட்டு என்று கூப்பிட்டால் முப்பத்தெட்டு எழுந்து போகப்போகிறது, அதற்கு எதற்கு அந்த நர்சம்மா "முப்பத்தெட்டூஊஊ" என்று வாலைப் பிடித்து இழுக்கிறாள், சந்தை கலையும் நேரத்தில் கடைசிக் கூடை கத்தரிக்காயைக் கூவுகிறவள் மாதிரி, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சென்னியப்பனின் நாக்கு அந்த இழுவையை எடுத்துப் பார்த்தது. உதடு அசையவில்லை. மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், கடைசியில் காலையிலிருந்து டீ குடிக்காத ஒரு சலிப்பு. வந்துவிட்டது. எந்தக் குரலாக இருந்தாலும் மூன்று தரம் கேட்டால் போதும், அவனுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வாடகையும் தராது, காலியும் பண்ணாது. அவனுடைய சீட்டு ஐம்பத்தொன்று. முப்பத்தெட்டுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவே எத்தனை என்று கணக்குப் போட ஆரம்பித்தவன் பாதியில் விட்டுவிட்டான். மடியில் தூக்குப்போசி. கலாமணி காலை ஐந்தரைக்குக் கட்டிக்கொடுத்த தக்காளிச் சோறு, மேலே ஒரு அப்பளம், அது இந்நேரம் நமத்திருக்கும். முதல் ஷிப்ட் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான், அதனால் கம்பெனி பேண்ட், கம்பெனி சட்டை. ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருந்தால் வெள்ளை வேட்டி எடுத்து வைத்திருப்பாள், எதற்கு என்று கேட்டிருப்பாள், எந்த இடத்தில் என்று கேட்டிருப்பாள், கட்டி இருபத்தாறு வருஷமான பெண்டாட்டிதான், ஆனாலும் அந்த இடத்தை எப்படிச் சொல்வது, தொடையில் மேலே, கவட்டுக்குக் கொஞ்சம் கீழே, வலது பக்கம். உள்ளங்கை வேர்த்திருந்தது. கை தன்பாட்டுக்கு வலது பாக்கெட்டுக்குள் போய்த் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

உட்கார்ந்தால் வலிக்கிறது, நின்றால் பழக்கம். இருபத்தெட்டு வருஷம் லேத்துக்கு முன்னால் நின்ற கால், பெஞ்சில் மடக்கினால் அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் நடுங்குகிறது. தூங்கினால் தேவலை. பத்து நாளாகத் தூக்கம் என்பது கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தைச் சுற்றி வருவதாக இருக்கிறது, செக்குமாடு மாதிரி, நடுவில் அந்தப் புண். முதலில் அது புண்ணே இல்லை. ஒரு பரு. பரு என்றால் பட்டறையில் யார் கவனிப்பார்கள், எல்லார் கையிலும் தொடையிலும் கருப்புக் கருப்பாகப் பரு இருக்கும், ஆயில் அம்மை என்று பேர் வைத்திருந்தார்கள், அம்மை வராதவன் டர்னரே இல்லை என்று சிரிப்பு வேறு. பிறகு அது மரு மாதிரித் தடித்தது. பிறகு தலை உடைந்து நீர் கசிந்தது. ஆறினது போலப் பொருக்குக் கட்டும், பேண்ட் உரசி மறுபடி உடையும். ஓரம் மட்டும் இறுகிக்கொண்டே போனது. குளிக்கும்போது கட்டைவிரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்ப்பான், கடைந்து முடித்த ஷாஃப்டின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவுகிற அதே விரல், அதே தடவல். பிசிறு இருந்தது. ஷாஃப்ட் என்றால் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். இதற்கு என்ன செய்தான்? எல்லாரும் செய்வதைச் செய்தான். இரும்புச் சுருள் கிழித்த காயமா, டூல் பட்ட வெட்டா, மெஷின் தொட்டியில் விரலை முக்கி ஆயிலை வைத்துவிட்டால் சீழ் பிடிக்காது, பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டு வருஷம், சாப்பாட்டு நேரத்தில், கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஆயிலையே அதற்கு மருந்தாக வைத்தான். இரும்பே அடங்குகிற எண்ணெய்க்கு ஒரு பரு அடங்காதா.

"உங்களுக்கு எங்கீங்?" என்றான் பக்கத்திலிருந்தவன். கொத்தனார், பேச்சுக்கு முன்னாலேயே கையைப் பார்த்தால் தெரிந்தது, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, கோடை வாய்க்கால் மாதிரி. சிமெண்ட் அரிப்பாம். ஆறு வருஷமாம். "எனக்குக் கையி. வெளிய தெரியறதால யோகம், சோறு ஊட்டி விடுறா பொண்டாட்டி." சென்னியப்பன் தொடை என்று சொல்ல வாயெடுத்து, "முதுகு" என்றான். "முதுகுங்களா, முதுகுன்னா பரவால்ல, நம்ம கண்ணுல படாது." கொத்தனார் சிரித்தான். "டாக்டரம்மா சிமெண்டைத் தொடாதீங்கறாங்க. கையுறை போடுங்கறாங்க. கையுறை போட்டுட்டுக் கரண்டியப் புடிச்சா செவுரு நேரா வருமுங்களா? நேரா வராட்டி மேஸ்திரி எங்கையவா பாப்பான், செவுத்தத்தான பாப்பான்." அது உண்மை என்று சென்னியப்பனுக்குப் பட்டது. லேத்திலும் அப்படித்தான். கையுறை சுற்றிக்கொண்டால் கையையே உள்ளே இழுத்துவிடும், வெறுங்கைதான். வெறுங்கையும் கருப்பு ஆயிலும். "முப்பத்தொம்பதூஊஊ." கொத்தனார் எழுந்து போனான். அவன் போன பிறகும் அவன் குரல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது, செவுத்தத்தான பாப்பான், செவுத்தத்தான பாப்பான், என்று சென்னியப்பனின் தொண்டை அதைப் பிசைந்துகொண்டிருந்தது. போதும், வேண்டாம், இன்னொரு ஆள் வேண்டாம். உள்ளே ஏற்கெனவே கூட்டம்.

எல்லாரையும் விட மூத்த குடித்தனக்காரர் பழைய மொதலாளி. கோவிந்தராஜுலு. பேசுவதற்கு முன்னால் இரண்டு தரம் கனைப்பார், க்கும், க்கும், அதற்குள் பட்டறையில் எட்டு லேத்தும் நேராகிவிடும். "ஏன் ராஜா, மெசினு தூங்குதா, நீ தூங்கறயா?" யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாரும் ராஜா, சம்பளம் கூட்டிக் கேட்கிறவனும் ராஜா, வேலையை விட்டு நிற்கிறவனும் ராஜா. கணபதிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் எட்டு லேத்து, பம்புசெட்டு ஷாஃப்டு. புது கட்டிங் ஆயில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று லாரிப் பட்டறைகளில் வடித்த பழைய ஆயிலைப் பேரலில் கொண்டுவந்து, சேலைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவார். அவரே ஊற்றுவார், முழங்கை வரைக்கும் கருப்பாகும் அவருக்கும், அதில் வஞ்சகமில்லை. சூட்டில் அது புகையும், வாசனை தொண்டையில் ஒட்டும், வீட்டுக்குப் போனால் கலாமணி வாசலிலேயே, "சட்டயக் கழட்டிட்டு உள்ள வாங்க, லாரி வந்து நின்னாப்ல இருக்குது," என்பாள். மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுக் கை கழுவுவார்கள். கழுவுவது சாயங்காலம்தான், பகலில் கை துடைக்க வேஸ்ட். பனியன் கம்பெனியில் வெட்டிப்போட்ட துணி, மூட்டையாக வரும், காலையில் ஒரு கை அள்ளி வலது பாக்கெட்டில் திணித்தால் பொழுதோட வரைக்கும் ஓடும். இடது கை சக்கரத்தில், வலது கை துடைக்க. நினைத்தால் அந்தச் சத்தமெல்லாம் வருகிறது, வார்ப்பிரும்பில் டூல் பிடிக்கும் ஙொய்ங், கம்ப்ரசர் மூச்சு, பெல்ட்டின் டப்டப், அதையெல்லாம் அவன் வாயாலேயே செய்வான், செய்து பக்கத்து லேத்துக்காரன் ஆறுச்சாமியைக் குதிக்க வைப்பான். மொதலாளி ஊரில் இல்லாத நாளில் கம்ப்ரசருக்குப் பின்னால் நின்று, க்கும், க்கும். அவ்வளவுதான். பீடி ஏழும் ஒரே சமயத்தில் அணையும்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் பட்டறைக்கு லீவு. சென்னியப்பன் தெருமுனைப் பூத்திலிருந்து ஆறுச்சாமியின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "க்கும், க்கும், ஏன் ராஜா, அவசரமா ஒரு ஷாஃப்டு, வந்துரு," என்றான். ஆறுச்சாமி குளித்து, விபூதி பூசி, புதுச் சட்டையோடு வந்து பூட்டின கேட்டுக்கு முன்னால் உச்சி வரைக்கும் நின்றான். எதிர் டீக்கடையிலிருந்து சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், சிரித்துச் சிரித்து விலா வலித்தது. பிடிபட்ட பிறகு ஆறுச்சாமி அடிக்கத்தான் வந்தான், வந்தவன் தானும் சிரித்துவிட்டான். "அந்தக் கொரலக் கேட்டா என்ற காலு தானா நடக்குதுடா மாப்ள, மூள அதுக்கப்புறந்தான் வருது." அதற்கப்புறம் எத்தனை வருஷம். மொதலாளி மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் ஆறுச்சாமி கண் கலங்கிப்போய், "மாப்ள, ஒருக்கா அவராட்டப் பேசு, கேட்டுக்கறேன்," என்றான். மாட்டேன் என்றான் சென்னியப்பன். செத்தவர் குரலை வாயில் எடுக்கக் கூடாது, யார் சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை, ஆனாலும் கூடாது. தொண்டைக்குள் அது இருந்தது. அடியில் படிந்து, தொட்டியில் ஆயில் மண்டி மாதிரி. மகன்காரர் வந்ததும் எல்லாம் மாறியது, தண்ணீரில் கலக்கிற பால் நிற ஆயில் வந்தது, தொட்டியைக் கழுவினார்கள், இரண்டு பழைய லேத்துக்கு மட்டும் கருப்பு ஆயிலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த இரண்டில் ஒன்று சென்னியப்பன், ஒன்று ஆறுச்சாமி. அவர்களேதான் கேட்டு வாங்கினார்கள். பால் ஆயில் கையில் பிடிக்கவில்லை, தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று.

கக்கூசுக் கதவைச் சாத்தாமல் விட்ட ஒரு நாளில்தான் ஆறுச்சாமி பார்த்தான். "அட, உனக்குமா?" என்று தன் பேண்டையும் தளர்த்திக் காட்டினான். அதே வலது தொடை. அதே உயரம். அவனுடையது பெரிது, நடுவில் பள்ளம், ஓரம் பூவிரித்தாற்போல. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு சிரித்தார்கள். "ஒரே செட்டிங்குல கடஞ்ச மாதிரி இருக்குதுடா." யாரிடமும் சொல்லாதே என்றான் ஆறுச்சாமி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான், தோலில் வியாதி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், பார்க்க வருகிறவன் சந்து முனையிலேயே வண்டியைத் திருப்பிவிடுவான். இப்போது நிச்சயமாகிவிட்டது, தையில் கல்யாணம். போன வாரம் டீக் குடிக்கும்போது அவன் சொன்னது சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது, வந்து போகாமல் சிக்கிக்கொண்டது, டூலில் சுருள் சிக்குவது போல. என்ன சொன்னான்? "கவட்டுல நெறி கட்டியிருக்குது மாப்ள, சைக்கிள் எச்சா மிதிச்சிட்டேனாட்ட இருக்குது." அவ்வளவுதான் சொன்னான். அதில் என்ன இருக்கிறது. காலில் முள் குத்தினால் கூடக் கவட்டில் நெறி கட்டும். பத்து நாளுக்கு முன் இங்கே மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துண்டு சதை எடுத்தார்கள், பாட்டிலில் போட்டார்கள், பரிசோதனைக்குப் போகும் என்றார்கள். அன்றைக்குக் கலாமணியிடம் கல்யாண வீடு என்று சொல்லி வேட்டி கட்டி வந்திருந்தான். என்ன வேலை என்று கேட்டதற்குக் கம்பெனி வேலை என்றான். புத்துநோயாக இருக்குமோ. இருக்காது. புத்து என்றால் பீடி குடித்தவனுக்குத் தொண்டையில் வரும், தொடைக்கு என்ன பீடியா குடிக்கத் தெரியும். இருந்தால்? இருக்காது. கலாமணியின் குரல், "எதுக்குங்க என்கிட்டச் சொல்லல?" அதை மட்டும் அவன் நாக்கு எடுத்துப் பார்க்கவில்லை. நாக்குக்கும் களைப்பு. "ஐம்பத்தொண்ணூஊஊ."

டாக்டரம்மா சின்ன வயசு, அவன் மகள் வயசுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு, அவளும் தூங்கவில்லை. பேப்பரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், "கூட யாரும் வரலையா ஐயா?" என்றாள். அந்தக் கேள்வியிலேயே பாதி தெரிந்துவிட்டது. படுக்கச் சொன்னாள், திரையை இழுத்தாள். கவட்டில் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள், வெகுநேரம், அவன் கூரையில் மின்விசிறியின் இறக்கையை எண்ணினான், மூன்று, மறுபடி மூன்று. "நெறி கட்டல. நல்லது," என்றாள். "நேரா சொல்லிடறேன். இது தோல்ல வர்ற கேன்சர்தான். ஆனா இன்னும் அந்த இடத்தை விட்டுப் போகல. நெறி கட்டியிருந்தா வேற பேச்சு பேசியிருப்பேன். இது வெட்டி எடுத்துரலாம், அடுத்த வாரமே." சரிங் என்றான். அந்தச் சரிங் யாருடையது என்று தெரியவில்லை. எழுந்து பேண்டை இழுத்துக் கட்டும்போது அவள் அவன் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது என்ன, பாக்கெட்ல?" எதுவுமில்லையே என்றுதான் சொல்ல வந்தான். கையை விட்டான். நேற்றைய வேஸ்ட், கருப்பாக, கையகலத்துக்குச் சுருண்டு, நசநசவென்று. ஞாயிற்றுக்கிழமை துவைக்கிறபோது கலாமணி குச்சியால் எடுத்து வீசுவாள், மற்ற நாளெல்லாம் அது அங்கேயேதான் கிடக்கும். "கை தொடைக்கறதுங்." டாக்டரம்மா பேண்டின் மேலேயே பாக்கெட் முடிகிற இடத்தைத் தன் பேனா முனையால் சுட்டினாள். தொடவில்லை. பேனா நின்ற இடமும் புண் இருந்த இடமும் ஒன்று. "எத்தனை நாளா இங்க வெக்கிறீங்க?" "நேத்துக் காலைல எடுத்ததுங்." "அதக் கேக்கலீங்க." மின்விசிறி சுற்றியது. "இருபத்தெட்டு வருசமுங்," என்றான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். என்ன ஆயில் என்று கேட்டாள், சொன்னான், ஓடி ஓடிக் கருகின எண்ணெய் வேறு, புது எண்ணெய் வேறு என்றாள், கருகினதில் இருக்கிற சில சாமான் தோலுக்குள் இறங்கி அங்கேயே வேலை செய்யும், இன்றைக்குப் பட்டால் நாளைக்குத் தெரியாது, இருபது முப்பது வருஷம் கழித்துத் தெரியும், எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும் என்றும் சொல்ல முடியாது, ஆனால் தினமும் ஒரே இடத்தில் ஊறிக் கிடந்தால், என்று சொல்லிக்கொண்டே போனவள், "புண்ணுக்கு ஏதாவது போட்டீங்களா?" என்றாள். அதையும் சொன்னான். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டாள். பிறகு, "உங்ககூட அதே எண்ணெய்ல நின்னவங்க யாருக்காவது இப்படிப் புண்ணு இருக்கா? இருந்தா உடனே வரச்சொல்லணும்." "இல்லீங்," என்றான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அந்த இல்லீங் ஆறுச்சாமியின் குரலில் வந்திருந்தது என்று தெரிந்தது, அந்த ஒரு சின்ன மூக்கொலி, சந்தேகமே இல்லை. வேஸ்ட்டை அவளே கையுறை போட்டு வாங்கி மஞ்சள் தொட்டியில் போட்டிருந்தாள். பாக்கெட் லேசாக இருந்தது. நெறி கட்டல, நல்லது. நெறி கட்டியிருந்தா வேற பேச்சு. சைக்கிள் எச்சா மிதிச்சிட்டேனாட்ட இருக்குது. வேற பேச்சு. சைக்கிள். அவன் போனை எடுத்தான்.

பின்னால் லேத்து ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்திலேயே சென்னியப்பனுக்குத் தெரிந்தது, முதல் வெட்டு, பெரிய ஷாஃப்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறது. "எங்கடா போய்த் தொலஞ்ச, சூப்பரைசர் கேக்கறான்," என்றான் ஆறுச்சாமி. சென்னியப்பன் எல்லாவற்றையும் சொன்னான், சொந்தக் குரலில், கேன்சர் என்ற வார்த்தையையும் சொன்னான், நெறியையும் சொன்னான், சொல்லச் சொல்ல அந்தக் குரல் அவனுக்கே யாரோ போல இருந்தது, இத்தனை நாள் பேசாமல் கிடந்து தொண்டை கட்டின ஒருவன். ஆறுச்சாமி சிரித்தான். "அட, இதென்ன யாரு கொரலு? டாக்டரம்மாவாட்டப் பேசறயா? விளையாடறதுக்கு வேற விசயமே கெடைக்கலியாடா." விளையாடலைடா என்றான். "செரி, செரி, உன்றது ஆறட்டும். எனக்குத் தையில கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம். வெச்சிரு, டூல் கருகுது." வைத்துவிட்டான். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. விரல் விட்டு எண்ணினான், ஒரு கை முழுக்கத் தீர்ந்து, அதற்கப்புறம் தை. இத்தனை வருஷம் எல்லார் குரலிலும் பேசினவன் சொந்தக் குரலில் ஒன்றைச் சொன்னால் அதையும் ஒரு மிமிக்ரி என்று சிரிக்கிறான். யாரைக் குற்றம் சொல்வது. மருந்து வரிசையில் நின்று முடித்த கொத்தனார் பொட்டலத்தோடு போனான், "வரட்டுங்ளா, முதுகு," என்று சொல்லிவிட்டுப் போனான். சென்னியப்பன் தூக்குப்போசியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடிக்குப் போய், மறுபடி அதே நம்பரை அழுத்தினான்.

"என்னடா?" என்றான் ஆறுச்சாமி, லேத்துச் சத்தத்துக்கு மேலே. சென்னியப்பன் வாயைத் திறந்தான். மூன்று வருஷமாக அடியில் கிடந்தது, கலங்கி, மேலே வந்தது. "க்கும். க்கும்." அதே கனைப்பு, அதே இரண்டு தரம். "ஏன் ராஜா. மெசின நிறுத்து." சத்தம் கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது. பிறகு இறங்கியது, ஙொய்ங் என்பது ங்ங் ஆகி, பெல்ட் டப், டப், என்று தனித்தனியாக விழுந்து, நின்றது. "பாக்கெட்ல இருக்கறத எடுத்துக் கீழ போடு." அந்தக் குரல் உயிரோடிருந்தபோது ஷாஃப்டு கேட்டது, சுருக்காக் கேட்டது, ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது, இதை மட்டும் கேட்டதில்லை, அதற்கும் தெரியாது, தெரிந்திருந்தால் கேட்டிருக்குமோ என்னவோ. வேஸ்ட் கீழே விழுந்தால் சத்தம் வராது. சென்னியப்பன் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு மட்டும் கேட்டது, ஆறுச்சாமியின் மூச்சு, ஏறி, இறங்கி, எங்கோ தட்டி. பேசுவது யாரென்று ஆறுச்சாமிக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மொதலாளி பாடையின் முன்கொம்பைத் தூக்கினவனே அவன்தான்.

"போட்டுட்டனுங், மொதலாளி," என்றான் ஆறுச்சாமி.

"பெரிய ஆஸ்பத்திரி, தோல் வைத்தியம் பாக்கற எடம். இப்பவே கெளம்பி வா, ராஜா. வேப்பமரத்தடில நிக்கிறேன்."

"வந்தர்றனுங்."

மொதலாளி போனை வைக்கும்போது ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார், அதனால் சென்னியப்பனும் சொல்லவில்லை. கண்ணில் வேர்வையா என்னவோ, எரிந்தது. துடைக்க எடுத்த கை வலது பாக்கெட்டுக்குள் போய், அங்கே எதுவும் கிடைக்காமல், கொஞ்ச நேரம் அப்படியே உள்ளே கிடந்தது.